மூன்று பின்னா, ஒற்றைப் பின்னா: வேட்டை வில்லுக்கு சைட் தேர்ந்து பொருத்துவது

பொழுது மங்கத் தொடங்கியிருந்தது. மறைவுக் கூடாரத்துக்குள் கால் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரத்துக்கு முன்னால் புல்வெளியின் அந்தப் பக்கம் ஒரு மான் தலைகாட்டியது. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் பார்த்தால் 48 கெஜம். என் வில்லில் இருந்த சைட், அதாவது குறிபார்க்கும் கருவி, ஒற்றைப் பின் ஸ்லைடர்: நுனியில் ஒளிப்புள்ளி உள்ள ஒரே பின் (குறிமுள்), தூரத்துக்கு ஏற்ப அதை ஏற்றி இறக்க ஒரு திருகுச்சக்கரம். திருகுச்சக்கரத்தை 50-ல் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்புறம் தூரம் அதிகம் என்று தோன்றவே வில்லை இறக்கிவிட்டேன். மான் போய்விட்டது, சக்கரம் மட்டும் 50-லேயே நின்றது.

அடுத்து வந்தது 18 கெஜத்தில், பக்கவாட்டில், தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டு நின்றது. நாணை இழுத்தேன். பச்சைப் புள்ளியை நெஞ்சின் நடுவில் வைத்தேன். விட்டேன். அம்பு முதுகுக்கு மேலே நாலு விரல் தள்ளிப் பறந்தது.

முழுசாகத் தப்பியதே புண்ணியம். பத்து செ.மீ. இறங்கியிருந்தால் அந்த மான் காயத்தோடு காட்டுக்குள் ஓடியிருக்கும், நான் ராத்திரி முழுக்க டார்ச்சோடு தேடியிருப்பேன். சைட்டில் ஒரு குறையும் இல்லை. 50 என்று சொன்னேன், 50-க்கு அடித்தது.

அன்றிலிருந்து சைட் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் துல்லியத்தைப் பேசுவதில்லை. இன்று விற்கிற சுமாரான சைட்டே நம் கையைவிடத் துல்லியமானது. ஒவ்வொரு வகை சைட்டும் ஒவ்வொரு வகைத் தவறுக்கு வழி வைத்திருக்கிறது. பலப் பின் சைட்டில் தப்பான பின்னை வைத்து அடிப்போம். ஒற்றைப் பின்னில் சக்கரத்தைத் திருக மறப்போம். இரண்டில் எந்தத் தவறு உங்களிடம் அதிகம் வரும், எதைப் பயிற்சியால் ஒழிக்க முடியும் என்று பார்த்து வாங்குவதுதான் சரி. (வில் வேட்டைக்கு சட்டம் அனுமதிக்கும் இடத்தில், உரிமத்தோடு வேட்டையாடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஃபோம் மான்களை வைத்து நடக்கும் 3டி போட்டிக்குப் போகிறவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.)

அம்பு எவ்வளவு விழுகிறது

கணக்கு கொஞ்சம் தெரிந்தால் தேர்வு சுலபம். ரேஞ்ச்ஃபைண்டரும் சைட் டேப்பும் (சக்கரத்தில் ஒட்டும் தூர எண் பட்டை) பெரும்பாலும் யார்டில்தான் வருகின்றன. நம் கெஜம்தான் அது, 91 செ.மீ. சொச்சம். நானும் கெஜத்திலேயே சொல்கிறேன்.

இன்றைய காம்பவுண்ட் வில்லில் (நுனிகளில் கப்பி வைத்தது) வேட்டை எடையுள்ள அம்பு வினாடிக்கு 280 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், கிளம்பிய கோட்டிலிருந்து 20 கெஜத்தில் சுமார் 22 செ.மீ., 30-ல் 50 செ.மீ., 40-ல் 90 செ.மீ., 50-ல் 140 செ.மீ. விழுந்திருக்கும். விழுகிற அளவு தூரத்தோடு நேராகக் கூடுவதில்லை, அதன் வர்க்கத்தோடு கூடுகிறது. 20-லிருந்து 40 என்பது இரண்டு மடங்கு தூரம், நான்கு மடங்கு வீழ்ச்சி.

சாதாரண மானின் நெஞ்சில் அம்பு போக வேண்டிய இடம் ஏறக்குறைய 20 செ.மீ. வட்டம். நடுவில் குறி வைத்தால் மேலே பத்து, கீழே பத்து, அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் சலுகை. மான் 30-ல் நிற்கும்போது 20-க்கான பின்னை வைத்தால் அம்பு 11 செ.மீ. கீழே போகும். 40-ல் நிற்பதற்கு 30 பின்னை வைத்தால் 19 செ.மீ. 50-ல் நிற்பதற்கு 40 பின் என்றால் 25 செ.மீ. 40 கெஜத்தில் வெறும் ஐந்து கெஜம் தப்பாகக் கணித்தாலே பத்து செ.மீ. விலகி வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். அதனால்தான் 40-ஐத் தாண்டிய பேச்சு எல்லாமே சைட்டைவிட ரேஞ்ச்ஃபைண்டரைப் பற்றிய பேச்சு.

நிலையான பின்கள்

ஒரு வளையத்துக்குள் மூன்று, ஐந்து, ஏழு என்று பின்கள் வரிசையாக இருக்கும். மேலே இருப்பது 20, அதற்குக் கீழே 30, அதற்கும் கீழே 40. நகரும் பாகம் எதுவும் கிடையாது. மழையில் நனையலாம், கயிறு கட்டி மரத்து மேலே இழுக்கும்போது கிளையில் இடிக்கலாம், திருகு தளராத வரை ஒன்றும் ஆகாது. மிருகம் 22-லிருந்து 35-க்கு நடந்து போனால் நீங்கள் கையை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம், கண்ணை மட்டும் இறக்கினால் போதும். இழுத்த நாணைப் பிடித்தபடியே பின் மாற்றலாம். இந்த ஒரு வசதிக்காகவே பழைய வேட்டைக்காரர்கள் பலர் இதை விடுவதில்லை.

இதில் வரும் தவறு வேறு மாதிரி. நெஞ்சு படபடக்கும்போது ஐந்து வண்ணப் புள்ளிகளில் மூன்றாவது எது என்று எண்ணிப் பாருங்கள், தெரியும். பயிற்சியில் ஒருநாளும் தப்பாத ஆள் மான் முன்னால் நின்றதும் மேல் பின்னை வைத்து 40-க்கு அடிப்பார். அம்பு மானின் கால் பக்கம் மண்ணில் குத்தி நிற்கும். மிருகத்தைப் பார்த்த பதற்றத்தில் மூளை எண்ணுவதை விட்டுவிட்டு, பளிச்சென்று தெரியும் பின்னைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் ஏழு பின் சைட்டை வேட்டைக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை. ஐந்து பின்னும் பெரும்பாலானவர்களுக்கு அதிகம்தான். 280 அடி வேக வில்லில் அடுத்தடுத்த பின்களுக்கு நடுவே மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர் இடைவெளிதான் வரும். ஐந்தைப் போட்டால் வளையத்தின் கீழ்ப்பாதி வேலி மாதிரி ஆகிவிடும், மானின் காலும் வயிறும் பின்னுக்குப் பின்னால் மறைந்துவிடும். 240 அடி வேக வில்லில் அதே இடைவெளி ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் விரியும். கண்ணுக்குச் சுகம், பின்னைப் பிரித்தறிவது சுலபம், ஆனால் தூரம் தப்பினால் தண்டனையும் அந்த அளவு கூடும். மெதுவான வில் வைத்திருப்பவருக்கு மூன்று பின் என்பது வசதி மட்டும் இல்லை, தேவையே.

35 கெஜத்தில் நின்றால்? 30 பின்னுக்கும் 40 பின்னுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தை நெஞ்சில் வைக்க வேண்டும். சொல்லும்போது குழப்பமாக இருக்கும், இரண்டு வாரம் பழகினால் கை தானாகச் செய்யும்.

ஒற்றைப் பின் ஸ்லைடர்

ஒரே பின், ஒரு திருகுச்சக்கரம், அதன் விளிம்பில் எண்கள் அச்சிட்ட டேப். தூரத்தை அளந்து, சக்கரத்தை அந்த எண்ணுக்குத் திருகி, அடிக்க வேண்டியதுதான். பார்வை அவ்வளவு சுத்தமாக இருக்கும். வட்டத்துக்குள் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் மிருகம், வேறொன்றும் இல்லை. 37 என்றால் 37-க்கே வைக்கலாம், இடைவெளியில் ஊகிக்க வேண்டாம். நடு வயதைத் தாண்டி கிட்டப்பொருள் மங்கத் தொடங்கியவர்களுக்கு ஐந்து பின்னும் ஒன்றோடு ஒன்று கலந்து நட்சத்திரக் கொத்தாகத் தெரியும். அவர்களுக்கு இந்த ஒற்றைப் புள்ளி பெரிய நிம்மதி.

இதன் தவறு என்ன என்பதை மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன். மறதி. இன்னொன்று அசைவு. மிருகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையை நகர்த்திச் சக்கரத்தைத் திருக முடியாது. நாணை இழுத்த பிறகு மான் பத்து கெஜம் தள்ளிப் போனால் நாணை மெதுவாகத் தளர்த்தி, திருகி, மறுபடி இழுக்க வேண்டும். மான் அதுவரை காத்திருக்காது.

ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது, கணக்கே அதற்குச் சாட்சி. அதே 280 அடி வில்லில் ஒற்றைப் பின்னை 25 கெஜத்துக்கு ஜீரோ செய்து (அந்தத் தூரத்தில் அம்பு குறியிலேயே படும்படி வைத்து) அப்படியே விட்டுவிடுங்கள். 10 கெஜத்தில் அம்பு குறிக்கு மேலே 2 செ.மீ. அளவில் போகும். 15-ல் 4, 20-ல் 3 சொச்சம். 30-ல் 6 செ.மீ. கீழே. அதாவது பத்திலிருந்து முப்பது வரை சக்கரத்தைத் தொடவே வேண்டாம், நெஞ்சின் நடுவில் வைத்து விட்டால் வட்டத்துக்குள்தான் விழும். 35-ல் நிலைமை மாறிவிடும், 15 செ.மீ. இறங்கியிருக்கும். ஆகவே 30 வரை தொடாதே, 30-ஐத் தாண்டினால் மட்டும் திருகு. இப்படி வைத்துக்கொண்டால் ஒற்றைப் பின்னின் பாதித் தொல்லை போய்விடும். உங்கள் வில் மெதுவானது என்றால் எண்கள் மாறும். ஒருநாள் உட்கார்ந்து ஐந்து கெஜத்துக்கு ஒருமுறை அடித்துப் பார்த்து உங்கள் எல்லையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மாலை நான் செய்யாதது இதைத்தான்.

இரண்டும் கலந்தது

மூன்று பின்னும் இருக்கும், மொத்த வளையமும் சக்கரத்தால் இறங்கும். சக்கரம் மேல் நிறுத்தத்தில் இருக்கும்போது அது சாதாரண 20, 30, 40 சைட். 40-க்கு அப்பால் வேண்டும் என்றால் கீழ்ப் பின்னை நகரும் பின்னாக வைத்துக்கொண்டு திருக வேண்டும். நான் இப்போது வைத்திருப்பது இதுதான், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். மேல் நிறுத்தம் கெட்டியாக இருக்க வேண்டும். கண்ணால் பார்க்காமல் கட்டை விரலால் திருகினால் டக்கென்று ஓரிடத்தில் முட்டி நிற்க வேண்டும். அப்புறம், நகரும் பின்னாக மேல் பின்னை வைப்பதா, கீழ்ப் பின்னையா என்பது. மேல் பின்னை வைத்தால் 60-க்குத் திருகும்போது வளையம் ரொம்பக் கீழே இறங்கி, அம்பின் இறகு அதில் உரச வாய்ப்பு உண்டு. கீழ்ப் பின் ஏற்கெனவே 40-க்கான இடத்தில் இருப்பதால் கொஞ்சம் இறங்கினால் போதும்.

ஆபத்தும் சொல்ல வேண்டும். சக்கரத்தைத் திருகிவிட்டால் மேல் பின் இனி 20 இல்லை. மூன்று பின்னும் பொய் சொல்லும், ஒன்றைத் தவிர. இரண்டு வகைத் தவறுக்கும் இதில் இடம் உண்டு, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பிய நிலையில் ஒரு தவறுக்குத்தான் இடம்.

மின் சைட்டும் இருக்கிறது. கார்மின் 2018-ல் கொண்டுவந்த ஸீரோ ஏ1 இந்த வகையில் பேர் வாங்கியது. நாணை இழுத்தபடியே ஒரு பொத்தானை அழுத்தினால் லேசர் தூரத்தை அளந்து, சாய்வையும் சேர்த்துக் கணக்கிட்டு, சரியான இடத்தில் ஒளிப்புள்ளியை ஏற்றிவிடும். நான் சொன்ன இரண்டு தவறையும் அது ஒழித்துவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை கூடும், பேட்டரியை நம்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வில்லில் மின்கருவி எதையும் பொருத்தக் கூடாது என்ற விதி உள்ள இடங்களும் உண்டு. உங்கள் இடத்து வேட்டை விதியைப் படிக்காமல் இதைத் தொடாதீர்கள். பரணிலிருந்து அடிப்பவர்களுக்காக ஊசல் மாதிரி ஆடும் பின் ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. இப்போது தேடி வாங்கத் தேவையில்லை.

பரண் என்றதும் நினைவு வருகிறது. மேலிருந்து கீழே அடிக்கும்போது தூரம் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். ஈர்ப்பு விசைக்குக் கிடைமட்டத் தூரம்தான் கணக்கு என்பது உண்மை. ஆனால் ஆறு மீட்டர் உயரப் பரணிலிருந்து நேர்க்கோட்டில் 20 கெஜத்தில் நிற்கும் மானுக்குக் கிடைமட்டத் தூரம் 19 கெஜம். ஒரு கெஜ வித்தியாசத்துக்குத் தூக்கம் கெட வேண்டாம். மலைச்சரிவில் 30 பாகை சாய்வில் 40 கெஜம் என்றால் கதை வேறு. அது 35-க்குக் கொஞ்சம் கீழே, அங்கே சாய்வைக் கணக்கிடும் ரேஞ்ச்ஃபைண்டர் அவசியம். பரணில் உண்மையான பிரச்சினை உடம்பு. கையை மட்டும் இறக்கி அடித்தால் தோளும் முகமும் இருந்த இடம் மாறி, நாணில் உள்ள பீப் துளை வழியே பார்வை கோணலாகிவிடும். இடுப்பிலிருந்து வளைந்து, மேலுடம்பு மாறாமல் இறங்க வேண்டும்.

பின்னின் பருமன், நிறம், பீப்

பின்னின் நுனியிலுள்ள ஒளியிழை பெரும்பாலும் மூன்று பருமனில் கிடைக்கும்: 0.010, 0.019, 0.029 அங்குலம். மெல்லியது துல்லியம் என்று எல்லாரும் 0.010-க்கு ஓடுகிறார்கள். கண்ணிலிருந்து பின் முக்கால் மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்தால், 40 கெஜத்தில் 0.010 மறைப்பது 12 மில்லிமீட்டர், 0.019 மறைப்பது 24, 0.029 மறைப்பது 36. வட்டமோ 200 மில்லிமீட்டர். மறைப்பு ஒரு பிரச்சினையே இல்லை. வெளிச்சம்தான் பிரச்சினை. மிருகம் வருவது விடியலிலும் அந்தியிலும், அந்த நேரத்தில் மெல்லிய இழை முதலில் அணைந்துபோகும். என் கண்ணுக்கு 0.019 போதும். வயதான கண்ணுக்கு 0.029 தப்பே இல்லை. எந்தப் பருமனானாலும் வளையத்தைச் சுற்றி இழை எவ்வளவு நீளமாகச் சுற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், நீளம் கூடினால் வெளிச்சம் கூடும்.

நிறத்தில் பலர் ஏமாறுவார்கள். பகலில் சிவப்பு பளிச்சென்று இருக்கும், அதனால் மேல் பின்னைச் சிவப்பாக வைப்பார்கள். இருட்டத் தொடங்கினால் கண்ணின் கூர்மை பச்சை, நீலப் பக்கம் நகரும். சிவப்புதான் முதலில் கருத்துப்போகும். அந்தியில் மிருகம் கிட்டத்தில்தான் வரும், அதற்கு வேண்டிய மேல் பின் சிவப்பாக இருந்தால் எப்படி? மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. நல்ல வெளிச்சத்தில்தான் 40-க்கு அடிப்போம், சிவப்பு அங்கே இருக்கட்டும்.

நாணில் கட்டும் பீப் துளையையும் சைட்டோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். முழு இழுப்பில் பீப்பின் வட்டமும் சைட் வளையமும் ஒன்றுக்குள் ஒன்று சரியாக உட்கார வேண்டும், சுற்றிலும் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தால் நல்லது. துளை பெரிதாகி வளையம் உள்ளே மிதந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வைப்போம், நமக்கே தெரியாது. துளை சிறிதானால் அந்தியில் உள்ளே இருட்டு. கால் அங்குலமும் அங்குலத்தில் 16-ல் 3 பங்கும்தான் வேட்டையில் வழக்கம். முதலில் சைட்டை வாங்கி, வளையத்துக்கு ஏற்ற பீப்பை அப்புறம் வாங்குங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பொருத்துவது

எந்த சைட்டானாலும் வில் முதலில் சீராக இருக்க வேண்டும். அம்பைத் தாங்கும் ரெஸ்ட்டின் இடம், நாணில் நாக் (அம்பின் வால் பிளவு) மாட்டும் உயரம், அம்பு நேராகப் பறக்கிறதா என்று காகிதத்தில் அடித்துக் கிழிசல் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் சைட். சைட்டை ஜீரோ செய்துவிட்டு ரெஸ்ட்டை ஒரு மயிர் நகர்த்தினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் இரண்டு முறை அப்படி ஆரம்பித்திருக்கிறேன்.

அடுத்து ரசமட்டம். வளையத்துக்குள் ஒரு சின்னக் குமிழி இருக்கும், வில் சாயாமல் இருக்கிறதா என்று காட்ட. வில் மூன்று பாகை சாய்ந்தால் 40 கெஜத்தில் அம்பு ஐந்து செ.மீ. பக்கவாட்டில் போய்விடும். ஆனால் அந்தக் குமிழியே கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தால்? அதனால் சைட்டின் அச்சுகளை முதலில் சரிபார்க்க வேண்டும். கதவு நிலையில் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். வில்லை ஆடாமல் பிடிக்கும் பட்டறைப்பிடியில் வைத்து, பின்கள் ஏறி இறங்கும் கோடு அந்தக் கயிற்றோடு ஒட்டிப் போகும்படி வில்லைத் திருப்புங்கள். அந்த நிலையில் குமிழி நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் வளையத்தைக் கடிகார முள் மாதிரித் திருப்பிச் சரிசெய்யும் திருகு இருக்கும். இது இரண்டாம் அச்சு. மூன்றாம் அச்சு, வளையம் கதவு போல உள்ளே வெளியே திறக்கும் திசை. சமதளத்தில் இது கோணலாக இருந்தாலும் தெரியாது. மேலேயோ கீழேயோ அடிக்கும்போதுதான் குமிழி பொய் சொல்லும். வில்லை 40 பாகை அளவில் கீழ்நோக்கிச் சாய்த்து, கயிற்றோடு கோட்டை ஒட்டவைத்து, குமிழி இன்னும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். மலையில் வேட்டையாடுகிறவர் மூன்றாம் அச்சு திருத்தும் வசதி இல்லாத சைட்டை வாங்கவே கூடாது. சமவெளிக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை.

பிறகு ஜீரோ. 20-ல் ஆரம்பித்து இலக்கையே தவறவிட்டு அம்பைத் தேடுவதைவிட 10-ல் ஆரம்பிப்பது நல்லது. ஒற்றை அம்பை வைத்து எதையும் திருகாதீர்கள். மூன்று அம்பு விட்டு, மூன்றின் நடுவைப் பாருங்கள். விதி ஒன்றுதான்: அம்பு போன பக்கம் பின்னை நகர்த்து. அம்பு கீழே விழுந்தால் பின்னைக் கீழே இறக்கு, இடப்பக்கம் போனால் இடப்பக்கம் தள்ளு. முதலில் எல்லாருக்கும் தலைகீழாகத்தான் தோன்றும். கீழ் விழுகிறதே, மேலே ஏற்றவேண்டாமா என்று கை போகும். பின்னைக் கீழே இறக்கினால் அதே புள்ளியில் அதை வைக்க வில்லைத்தான் உயர்த்த வேண்டும், அம்பு மேலே போகும். யோசிக்காமல் அம்பைப் பின்தொடருங்கள்.

மேல் கீழைக் கிட்டத்திலிருந்து சரிசெய்யலாம், இட வலத்தைத் தூரத்தில்தான் தீர்க்க வேண்டும். 20-ல் தெரியாத இரண்டு செ.மீ. கோணல் 40-ல் நாலு செ.மீ. ஆகித் தலைகாட்டும். இட வலத்துக்குத் தனித்தனிப் பின்னைத் தொடாமல் மொத்த வளையத்தையும் நகர்த்துங்கள். எல்லாப் பின்னும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பின் மட்டும் வலப்பக்கம் தள்ளி நின்றால்தான் குறி சரியாகிறது என்றால் கோளாறு பின்னில் இல்லை, அச்சிலோ ரெஸ்ட்டிலோ இருக்கிறது.

ஸ்லைடருக்கு டேப் தேர்வதும் இதேதான். வெற்று டேப்பை ஒட்டி 20-ல் ஒரு கோடு, 60-ல் ஒரு கோடு போடுங்கள். அந்த இடைவெளிக்குப் பொருந்தும் அச்சிட்ட டேப் பெட்டியிலேயே இருக்கும். 60-ல் நிலையாக அடிக்க வராதவர் 50-ஐ வைத்துக்கொள்ளலாம். ஆடுகிற கையால் போட்ட 60 கோடு 40-ஐயும் கெடுத்துவிடும். ஒட்டியபின் 30-லும் 45-லும் அடித்துச் சோதியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு திருகையும் பூட்டி, திருகுத்தலையிலிருந்து உடல்வரை வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். காம்பவுண்ட் வில்லின் அதிர்வில் திருகுகள் தானாகத் தளரும். கோடு முறிந்திருந்தால் காட்டுக்குள் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். அப்புறம், வேட்டைக்கு மாட்டப்போகும் வெட்டலகுள்ள பிராட்ஹெட் முனையோடு மறுபடி அடித்துப் பாருங்கள். பயிற்சி முனை ஒரே இடத்தில் குத்த, பிராட்ஹெட் கையகலம் தள்ளிக் குத்துவது சாதாரணம். அப்போது சைட்டைத் திருகி மறைக்காமல் வில்லைச் சீர்செய்வதுதான் முறை. தடித்த மேல்சட்டையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியும் பத்து அம்பு விடுங்கள். துணி கன்னத்தில் ஏறினால் நாணை ஊன்றும் இடமே மாறிவிடும்.

அப்படியானால் எதை வாங்குவது

முதல் சைட் வாங்குகிறவருக்கு மூன்று நிலையான பின். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அடர்ந்த காட்டில், 30 கெஜத்துக்குள் மட்டும் அடிப்பேன் என்றால் 25-ல் பூட்டிய ஒற்றைப் பின்னும் அதே அளவு நல்லது, கண் மங்கியவருக்கு அதைவிட நல்லது. அதிகம் இடம் மாறாத மிருகம், திறந்த வெளி, தூரத்தை நிதானமாக அளக்க நேரம் கிடைக்கும் நிலம் என்றால் ஸ்லைடர். மறதிக்காரர் ஒற்றை ஸ்லைடரைத் தவிர்க்கட்டும். பதற்றக்காரர் ஐந்து பின்னைத் தவிர்க்கட்டும். இரண்டும் உள்ளவர் என்றால், சரி, நம்ம ஜாதி, கலப்பு சைட்டுக்கு வாருங்கள்.

நான் கலப்புக்கு வந்ததும் அதனால்தான். என் சக்கரத்தின் மேல் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சொட்டு பசையை வைத்து உலர விட்டிருக்கிறேன், கொப்புளம் மாதிரிக் கட்டைவிரலுக்குத் தட்டுப்படும். கூடாரத்துக்குள் உட்கார்ந்ததும், எழுந்து கால் நீட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்ததும், ஒரு மானை அளந்துவிட்டு அடிக்காமல் விட்டதும், கண்ணை வெளியிலேயே வைத்துக்கொண்டு விரலால் அந்தச் சொட்டைத் தடவிப் பார்ப்பேன். அது நிறுத்தத்துக்கு நேராக இருந்தால் மேல் பின் 20. இல்லையென்றால் திருகி முட்டவைத்துவிட்டுத்தான் வில்லை மடியில் வைப்பேன்.